காரும் காலமும் – 14: மூக்கணாங்கயிறு போட்ட கார்கள்

1936-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் தேதி, அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் பார்ஷல் என்ற சிற்றூரில் வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே 51 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. அதே ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி, அதே மாநிலத்தின் ஸ்டீல் என்ற ஊரில் 49 டிகிரி வெயில். ஐந்தே மாதத்தில் நூறு டிகிரி வித்தியாசம். அந்த மாநிலத்தில் இந்த இரண்டு பதிவுகளையும் இதுவரை எந்த ஆண்டும் மிஞ்சவில்லை. டெட்ராய்ட்டில் கார் செய்தவர்கள் ஜூலை மாதத்துக்காக ரேடியேட்டரைப் பெரிதாக்கினார்கள், விசிறியைத் திருத்தினார்கள். பிப்ரவரியை மட்டும் வாங்குகிறவன் தலையில் கட்டிவிட்டார்கள்.

சார்லஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டு காடிலாக்கில் ஏறியதைச் சென்ற இதழில் பார்த்தோம். கிராங்க் கம்பியைச் சுற்றி மணிக்கட்டை ஒடித்துக்கொண்ட காலம் அதோடு போயிற்று. ஆனால் ஸ்டார்ட்டர் மனிதனின் கையைத்தான் காப்பாற்றியது. குளிரோடு அதற்கு எந்த வழக்கும் இல்லை. சொல்லப்போனால் குளிருக்கு முதலில் பலியாவதே அதுதான். வடக்கு டகோட்டா, மினசோட்டா, எல்லைக்கு அப்பால் கனடாவின் மானிடோபா, சஸ்காச்சுவான் ஆகிய இடங்களில் ஜனவரி இரவு மைனஸ் 30 என்பது செய்தியே அல்ல. அங்கே இரவு முழுவதும் வெளியில் நின்ற ஒரு காரைக் காலையில் கிளப்ப மனிதர்கள் பட்ட பாடும், அதற்கு முடிவு கட்டியவர் யார் என்பதும்தான் இந்த வாரக் கதை. முடிவு கார்க் கம்பெனியிலிருந்து வரவில்லை. கரண்ட் கம்பெனியிலிருந்து வந்தது.

முதலில், குளிர் ஒரு என்ஜினை என்ன செய்கிறது?

அது ஒரே நேரத்தில் மூன்று பக்கமும் தாக்குகிறது. அன்றைய ஆயில் கடுங்குளிரில் தார் போல இறுகிவிடும். கிராங்க் ஷாஃப்ட்டைச் சுழற்றவே வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பலம் வேண்டும். அந்தப் பலத்தைக் கொடுக்க வேண்டிய பேட்டரிக்கோ மைனஸ் 18 டிகிரியில் சாதாரண நாளின் பலத்தில் ஐந்தில் இரண்டு பங்குதான் மிஞ்சும். இந்த இரண்டையும் தாண்டி என்ஜின் சுற்றினாலும் பெட்ரோல் ஆவியாக மறுக்கும். எரிவது திரவப் பெட்ரோல் இல்லை, அதன் ஆவி. சோக்கை இழுத்து இழுத்துப் பெட்ரோலை ஊற்றினால் அது ஸ்பார்க் பிளக்கை நனைக்கும். சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கும் கொஞ்ச ஆயிலையும் கழுவிக்கொண்டு கீழே இறங்கிவிடும். அமெரிக்கக் கார்களில் பெரும்பாலானவை 1950-களின் நடுப்பகுதி வரை 6 வோல்ட் பேட்டரியில் ஓடியவை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இன்றைய 12 வோல்ட் காரை வைத்துக்கொண்டு அந்தக் காலைகளைக் கற்பனை செய்ய முடியாது.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமே என்று நமக்குத் தோன்றும். மைனஸ் 35-இல் கியர்ப் பெட்டியின் ஆயிலும் சக்கரத்து கிரீஸும் இறுகிக் கிடக்கும். கிளட்ச்சை விட்டால் பின்சக்கரம் உருளாது, பனியில் சறுக்கிக்கொண்டு போகும்.

ஃபோர்டின் மாடல்-டி கார் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி விற்றது. வடக்குப் பண்ணைகளின் கார் என்றால் அதுதான். அதில் என்ஜினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில். குளிரில் அந்த ஆயில் இறுகும்போது கிளட்ச் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நியூட்ரலில் இருக்கிறது என்று நம்பி முன்னால் நின்று கிராங்க் சுற்றுகிறவரை நோக்கி, என்ஜின் கிளம்பிய அடுத்த கணம் கார் மெல்ல நகர்ந்து வரும். கொட்டகைச் சுவருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது அக்காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து. அதற்குப் பண்ணைக்காரர்கள் கண்ட வழி, பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி போட்டுத் தூக்கிவிடுவது. தூக்கிய சக்கரம் காற்றில் சுற்றும், கார் நகராது, கிராங்க்கும் லேசாகச் சுற்றும். கிளம்பியதும் ஜாக்கியை இறக்கிவிட்டுப் பயணம் போகலாம். இத்தனைக்கும் பிறகு போகிற மனம் இருந்தால்.

பலருக்கு அந்த மனம் இல்லை. நவம்பரில் காரைக் கொட்டகைக்குள் விட்டு, டயருக்குப் பாரம் இல்லாமல் மரக்கட்டைகள் மேல் ஏற்றி, பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். வசந்தம் வரும்வரை குதிரையும் சறுக்குவண்டியும்தான். சாலைப் பனியை வாரி ஒதுக்கும் ஏற்பாடும் அப்போது பெரிதாக இல்லை என்பதால் இதை யாரும் அவமானமாக நினைக்கவில்லை.

டாக்டர்களுக்கும் தபால்காரர்களுக்கும் அந்த வசதி கிடையாது. அவர்கள் ஓட்டியே ஆகவேண்டும். இரவில் ரேடியேட்டர் குழாயைத் திறந்து தண்ணீரை முழுவதும் வடிப்பார்கள். மறந்தால் தண்ணீர் உறைந்து விரிந்து வார்ப்பிரும்பு வெடிக்கும். காலையில் அடுப்பில் கொதிக்க வைத்த தண்ணீரை ஊற்றுவார்கள். பெட்ரோல் உள்ளே போகும் குழாய் மேல் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றுவார்கள். தண்ணீரில் மதுசாரம் கலக்கும் வழக்கமும் இருந்தது. உறையாது, ஆனால் என்ஜின் சூடானதும் மதுசாரம் முதலில் ஆவியாகிப் போய்விடும், வாரா வாரம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1927-இல் எத்திலீன் கிளைக்காலைக் கொண்ட பிரெஸ்டோன் கடைக்கு வந்த பிறகுதான் குளிர்காலம் முழுவதும் தாங்கும் கூலன்ட் கிடைத்தது. அது வார்ப்பு வெடிப்பதைத் தடுத்தது. என்ஜினைச் சூடாக்கவில்லை.

சூடாக்க நெருப்பு இருந்தது. தகரத் தட்டில் கரித்துண்டுகளைக் கனிய விட்டு ஆயில் சம்ப்புக்குக் கீழே தள்ளுவார்கள். பானட்டைச் சுற்றிக் கம்பளி, குதிரைக்குப் போடும் போர்வை, பழைய கோட்டு, எது கிடைத்தாலும் போர்த்துவார்கள். ஆயில் ஊறிய இரும்பு, மேலே பெட்ரோல் கசியும் கார்புரேட்டர், கீழே கனல், சுற்றிலும் வைக்கோல் நிறைந்த கொட்டகை. இதில் எத்தனை கொட்டகைகள் எரிந்தன என்று கணக்கெடுக்காமல் விட்டதே நல்லது.

இதே வித்தையை இன்னும் நேர்த்தியாகச் செய்தவர்கள் அலாஸ்காவின் விமானிகள். 1924 பிப்ரவரியில் ஃபேர்பேங்க்ஸிலிருந்து மெக்ராத்துக்குத் தபால் கொண்டுபோன கார்ல் பென் ஐல்சன் காலத்திலிருந்தே அங்கே விமானம் என்றால் அது குளிர்காலத்திலும் பறக்கும் விமானம். நாய்வண்டி இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்ட தூரம் அது. அங்கே பழகிப்போன நடைமுறை இதுதான்: தரை இறங்கியதும், என்ஜின் ஆறுவதற்குள், ஆயிலை முழுவதும் ஒரு டின்னில் வடித்து எடுத்துக்கொள்ள வேண்டும். டின் இரவில் அடுப்பங்கரையில் தூங்கும். காலையில் என்ஜின் மேல் கித்தான் கூடாரம் ஒன்றைப் போர்த்தி, உள்ளே குழாய்ப் பணியாளர்கள் ஈயம் உருக்க வைத்திருக்கும் அடுப்பைப் பற்ற வைத்து, தீயணைப்புக் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் காவல் உட்காருவார். என்ஜின் சூடானதும், அடுப்பில் காய்ந்த ஆயிலை ஊற்றி உடனே கிளப்ப வேண்டும். தாமதித்தால் மறுபடி முதலிலிருந்து. இன்று நாம் பார்க்கப்போகும் கருவி செய்வதும் இதையேதான். காவலுக்கு ஆள் வேண்டாம், அவ்வளவே.

1941 குளிர்காலத்தில் மாஸ்கோவின் வாசலில் ஜெர்மன் படை இதே பாடத்தைப் பெரும் விலை கொடுத்துப் படித்தது. லாரிகளுக்கும் டாங்கிகளுக்கும் அடியில் நெருப்பு மூட்டினார்கள். இரவெல்லாம் சில மணி நேரத்துக்கு ஒருமுறை என்ஜினை ஓட்டிப் பெட்ரோலைக் கரைத்தார்கள். ஆயிலில் பெட்ரோலைக் கலந்து இளக்குவது சோவியத் படைக்கு முன்பே தெரிந்த உத்தி. என்ஜின் சூடானதும் கலந்த பெட்ரோல் ஆவியாகிவிடும். பிறகு ஜெர்மானியர்களும் அதைக் கற்றார்கள். ஒரு டாங்கியின் சூடான கூலன்ட்டை ஹோஸ் வழியாக அடுத்த டாங்கிக்குள் செலுத்தும் ஏற்பாடும் வந்தது. ஒன்று கிளம்பினால் போதும், வரிசையாக மற்றவற்றை எழுப்பலாம். 1942-இல் அமெரிக்க ராணுவம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் அலாஸ்கா நெடுஞ்சாலையை அவசரமாகப் போட்டபோது, லாரிகளை இரவு முழுவதும் அணைக்காமலே விட்டார்கள். பெட்ரோலுக்கு யாரும் கணக்குக் கேட்காத காலம்.

இத்தனை நெருப்பும் எதற்கு, ஒரு மின்கம்பியைச் சூடாக்கி என்ஜினுக்குள் வைத்தால் ஆகாதா என்று கேட்கலாம். இஸ்திரிப் பெட்டியும் மின்கெட்டிலும் நகரத்து வீடுகளில் எப்போதோ வந்துவிட்டன. கேள்விக்கு விடை கிராமத்தில் இருக்கிறது. 1930-களின் நடுவில் அமெரிக்கப் பண்ணைகளில் நூற்றுக்குப் பத்தில்தான் மின்சாரம் இருந்தது. நகரங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு. மைலுக்கு ஒரு வீடு இருக்கும் சமவெளியில் கம்பம் நட்டால் போட்ட பணம் திரும்பாது என்று தனியார் மின் நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டன. 1935 மே மாதம் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கிராம மின்மய நிர்வாகத்தை ஏற்படுத்தினார். அது விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுத்தது. சங்கங்கள் தாங்களே கம்பம் நட்டு, கம்பி இழுத்து, தங்களுக்கே மின்சாரம் விற்றுக்கொண்டன. 1950-களின் நடுவில் பத்துப் பண்ணைகளில் ஒன்பதில் விளக்கு எரிந்தது.

அப்படிப்பட்ட சங்கங்களில் ஒன்று மின்கோட்டா பவர் கோஆப்பரேட்டிவ். 1940-இல் தொடங்கியது, தலைமையகம் வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரம். கிழக்கே ரெட் ரிவர் ஓடுகிறது. ஆற்றைத் தாண்டினால் மினசோட்டா. ஆறு வடக்கு நோக்கி வினிப்பெக்கை நோக்கிப் போகிறது. குளிர்காற்று அதே வழியில் எதிர்த்து வருகிறது. சங்கத்தின் பொது மேலாளர் ஆண்ட்ரூ ஃப்ரீமன். நாற்பது ஆண்டுக்கு மேல் அந்த நாற்காலியில் இருந்தவர். பண்ணைகளுக்குக் கம்பி இழுத்தவர், அந்தக் கம்பியில் என்னென்ன ஓட்டலாம் என்று யோசிக்க வேண்டிய இடத்தில் இருந்தவர், தினமும் காலையில் தன் காரோடு மல்லுக்கு நிற்கவும் வேண்டியிருந்தவர். மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தது அதிர்ஷ்டம் என்பேன். டெட்ராய்ட்டின் பொறியாளர் யாருக்கும் இந்த மூன்றில் இரண்டு கூட வாய்க்கவில்லை.

ஃப்ரீமன் 1940-களில் செய்த முதல் ஹீட்டரின் பொருட்கள் காயலான் கடையில் கிடைப்பவை: கொஞ்சம் பழைய செப்புக் குழாய், ஓர் இஸ்திரிப் பெட்டியிலிருந்து கழற்றிய வெப்பக் கம்பி. எங்கே வைப்பது என்பதில்தான் அவருடைய மூளை வேலை செய்தது. வெளியிலிருந்து சூடாக்கினால் பாதிச் சூடு காற்றில் போய்விடும். உள்ளே நுழையவோ வழி இல்லை. என்ஜினில் புதிதாக ஓட்டை போட எந்தக் கார்க்காரனும் சம்மதிக்க மாட்டான். ஆனால் ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகள் உண்டே. சிலிண்டர் தொகுதியின் மேல் மூடியை, அதாவது ஹெட்டை, இறுக்கிப் பிடிக்கச் சுற்றிலும் போல்ட்டுகள் இருக்கும். அவற்றில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அதே அளவில் உள்ளே குடைந்து வெப்பக் கம்பி வைத்த போல்ட் ஒன்றை முடுக்கினார். போல்ட் ஹெட்டையும் பிடித்துக்கொள்ளும். தன் சூட்டை நேரே இரும்புக்கும் அதற்குள் இருக்கும் தண்ணீருக்கும் கொடுக்கும். பழைய ஃபோர்டு ஃப்ளாட்ஹெட் வி-8 போன்ற என்ஜின்களில் இந்த ஹெட் ஸ்டட்டுகள் தண்ணீர் ஓடும் அறைக்குள்ளேயே இறங்கி நிற்பவை. அங்கே இந்த யோசனை கனகச்சிதம். 1949 நவம்பர் 8-ஆம் தேதி காப்புரிமை கிடைத்தது. ஆற்றுக்கு அக்கரையில் ஈஸ்ட் கிராண்ட் ஃபோர்க்ஸில் ஃபைவ் ஸ்டார் என்ற தொழிற்சாலை அதைத் தயாரித்து விற்றது. ஊர் மக்கள் அதற்கு இட்ட பெயர் ஹெட்போல்ட் ஹீட்டர். வடக்கு டகோட்டாவின் முதியவர்கள் வாயில் எந்த என்ஜின் ஹீட்டரும் இன்றும் ஹெட்போல்ட் ஹீட்டர்தான்.

போல்ட்டின் தலையிலிருந்து ஒரு வயர் கிளம்பி, ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கிரில் வழியாக வெளியே எட்டிப் பார்க்கும். நுனியில் பிளக். இரவில் வீட்டு வாசலில் இருக்கும் பாயிண்ட்டில் எக்ஸ்டென்ஷன் வயரை மாட்டி இதோடு இணைத்தால் முடிந்தது வேலை. வடக்குச் சமவெளியில் வரிசையாக நிற்கும் கார்களைப் படத்தில் பார்த்தால், மூக்கணாங்கயிறு போட்டுக் கொட்டிலில் கட்டிய மாடுகள்தான் நினைவுக்கு வரும். காலை அவசரத்தில் கயிற்றை அவிழ்க்க மறந்து, வயரையும் வாசல் பாயிண்ட்டையும் பிய்த்துக்கொண்டு வேலைக்குப் போனவர்கள் அந்த ஊர்களில் தெருவுக்கு ஒருவர்.

ஃப்ரீமனின் போல்ட்டுக்கு ஒரு பலவீனம் இருந்தது. அது அதன் புத்திசாலித்தனத்திலிருந்தே வந்தது. ஹெட் போல்ட் என்பது பல டன் விசையைத் தாங்கும் உறுப்பு. அதைக் குடைந்தால் பலம் குறையும். என்ஜினுக்கு என்ஜின் போல்ட்டின் நீளமும் மரையும் வேறு. 1949-இலிருந்து ஓல்ட்ஸ்மொபைல், காடிலாக் என்று ஒவ்வொன்றாக அதிக அழுத்தத்தில் ஓடும் புதிய வி-8 என்ஜின்களுக்கு மாறின. அங்கே ஹெட் போல்ட்டோடு விளையாட யாரும் துணியவில்லை. எனவே ஹீட்டர் வேறு ஓட்டையைத் தேடிப் போனது.

அந்த ஓட்டையும் தயாராகவே இருந்தது. என்ஜினை வார்க்கும்போது தண்ணீர் ஓடும் அறைகளுக்கு மண்ணால் கரு வைப்பார்கள். வார்த்து முடிந்ததும் அந்த மண்ணை உதிர்த்து வெளியேற்றப் பக்கவாட்டில் வட்ட ஓட்டைகள் விடுவார்கள். பிறகு அவற்றைக் கிண்ணம் போன்ற தகடுகளால் அடைப்பார்கள். நம் மெக்கானிக்குகள் வாட்டர் டம்மி என்பது இதைத்தான். தண்ணீர் உறைந்தால் இந்தத் தகடு தெறித்து விழுந்து என்ஜினைக் காப்பாற்றும், அதற்காகவே வைத்தார்கள் என்று உலகம் முழுவதும் நம்புகிறார்கள். சில சமயம் தெறிக்கும், உண்மைதான். ஆனால் அது வார்ப்புக்காரன் விட்ட வழி, உறைபனிக்காக விட்டதல்ல. அந்த டம்மிகளில் ஒன்றைக் கழற்றி, மின்கெட்டிலில் இருப்பதைப் போன்ற வளைந்த சூடேற்றியை உள்ளே விட்டு ரப்பர் வளையத்தோடு இறுக்கினால் கூலன்ட் நேரடியாகச் சூடாகும். இன்றும் பெரும்பாலான பிளாக் ஹீட்டர்கள் இந்த வகைதான். ஜெனரல் மோட்டார்ஸ் அதைத் தொழிற்சாலையிலேயே பொருத்திக் கொடுக்கும் உபரி வசதியாக்கி, கே-05 என்று தன் பட்டியலில் எண் கொடுத்தது. கிராண்ட் ஃபோர்க்ஸ்காரர் தொடங்கி வைத்ததை டெட்ராய்ட் ஒருவழியாக ஒப்புக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

டம்மியை எட்ட முடியாத கார்களுக்கு ரேடியேட்டரின் கீழ் ஹோஸை அறுத்து நடுவில் வைக்கும் ஹீட்டர் வந்தது. சூடான தண்ணீர் மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். பம்ப் இல்லாமலே சுற்றும். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு இதில் எதுவும் உதவாது, அதில் தண்ணீரே கிடையாது. அதற்கு ஆயிலைச் சூடாக்குவது ஒன்றே வழி. ஆயில் டிப்ஸ்டிக் இருக்கும் குழாயில் செருகும் சூட்டுக்கோல் ஒன்றை விற்றார்கள். எளிது, மலிவு. ஆனால் மெல்லிய கோலைச் சுற்றியிருக்கும் ஆயில் மட்டும் கருகிப்போகும், சம்ப்பின் மூலையில் இருக்கும் ஆயில் உறைந்தே கிடக்கும். எனக்கு இந்தக் கருவி மேல் மரியாதை வந்ததில்லை.

இந்த ஹீட்டர்களின் பசி 400 வாட் முதல் 1,000 வாட் வரை. ஒரு பழைய வி-8 என்ஜினின் இரும்பை 200 கிலோ என்றும், கூலன்ட்டை 20 லிட்டர் என்றும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 600 வாட் ஹீட்டர் மணிக்குச் சுமார் 13 டிகிரி ஏற்றும். காற்றுக்குப் போகும் சூட்டைக் கழித்தால் இன்னும் குறைவு. இரண்டு மூன்று மணி நேரத்தில் என்ஜின் வெளிக்குளிரைவிட இருபது இருபத்தைந்து டிகிரி மேலே வந்துவிடும். அதற்குப் பிறகு உள்ளே போகும் சூடும் வெளியே போகும் சூடும் சரிக்குச் சரி. மீதி இரவெல்லாம் மீட்டர் மட்டும்தான் ஓடும். ஆனாலும் மக்கள் மாலை ஆறு மணிக்கே செருகினார்கள். சமையலும் விளக்கும் உச்சத்தில் இருக்கும் அதே நேரத்தில் ஊர்க் கார்கள் அத்தனையும் மின்சாரம் குடித்தால் கரண்ட் கம்பெனிக்கு என்ன ஆகும்? விற்பனையைப் பெருக்க வந்த கருவி, சில ஆண்டுகளில் டைமர் வாங்குங்கள் என்று கம்பெனிகளையே கெஞ்ச வைத்தது. கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் தொடங்கினால் போதும் என்பதுதான் கனடா அரசின் இயற்கை வளத்துறையும் இன்று சொல்வது. மைனஸ் 20 டிகிரியில் இந்த ஹீட்டர் எரிபொருள் சிக்கனத்தைப் பத்து சதவீதம் வரை கூட்டும் என்றும் அது கணக்குச் சொல்கிறது.

சிக்கனத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. 1930-களில் இங்கிலாந்தில் ஆட்டோமொபைல் பொறியாளர் கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் சி.ஜி. வில்லியம்ஸ் என்பவர் சிலிண்டர்கள் ஏன் தேய்கின்றன என்று ஆராய்ந்தார். உராய்ந்து தேய்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவர் கண்டது வேறு. சிலிண்டர் சுவர் குளிர்ந்திருக்கும்போது, பெட்ரோல் எரிந்து வரும் நீராவியும் அமிலப் பொருட்களும் அதன் மேல் படிந்து இரும்பை அரிக்கின்றன. சுவர் சூடாக இருந்தால் அவை படிவதில்லை, தேய்மானமும் விழுந்துவிடுகிறது. நீண்ட பயணம் போகும் கார் உழைப்பதும், தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் போய்வரும் டாக்டரின் கார் சீக்கிரம் சாவதும் இதனால்தான். பிளாக் ஹீட்டரை விற்றவர்கள் காலையில் கார் கிளம்பும் என்று மட்டும் விளம்பரம் செய்தார்கள். என்ஜினின் ஆயுளைச் சேர்த்து விற்றிருக்கலாம்.

வயர் எங்கே போனதோ அங்கே ஹீட்டரும் போனது. வினிப்பெக், சஸ்காட்டூன், ஃபேர்பேங்க்ஸ் நகரங்களில் அலுவலகம், பள்ளி, ஆஸ்பத்திரி என்று கார் நிறுத்துமிடம் எங்கும் வரிசையாக மின் பாயிண்ட்டுகள் முளைத்தன. செலவைக் குறைக்க, குளிரின் அளவைப் பார்த்து அவற்றை விட்டுவிட்டு ஓடவிடும் கட்டுப்பாடும் பிறகு வந்தது. நோர்வேயின் நெஸ்பியென் ஊரில் 1945-இல் பிறந்த டிஃபா நிறுவனமும், ஸ்வீடனின் காலிக்ஸ் நிறுவனமும் வட ஐரோப்பாவுக்கு என்று தனி மரபை உண்டாக்கின. அங்கே ஒரே பிளக்கில் என்ஜின் ஹீட்டரும், சீட்டுக்கு அருகில் வைக்கும் சிறு மின்விசிறி ஹீட்டரும் சேர்ந்து ஓடும். கண்ணாடியில் பனியும் சுரண்ட வேண்டாம். பின்லாந்தின் குடியிருப்புகளில் ஒவ்வொரு காருக்கும் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு கடிகாரம். முன்னிரவில் முள்ளைத் திருப்பி வைத்துவிட்டால் விடியற்காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் மின்சாரம் வரும்.

இதைவிடக் கடுங்குளிர் உள்ள சைபீரியாவில் இது பரவவில்லை. அங்கே கார்கள் அடுக்குமாடிகளின் கீழே நின்றன. ஐந்தாம் மாடியிலிருந்து வயரைத் தொங்கவிட முடியாது என்பதே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். லாரிக்காரர்கள் ப்ளோ லாம்ப்பைக் கொளுத்தி ஆயில் சம்ப்புக்கு அடியில் பிடித்தார்கள். ஃபியட் 124 காரைத் தழுவி 1970-இல் முதல் ஜிகுலி வெளிவந்தபோது, இத்தாலியர்கள் விட்டுவிட்ட கிராங்க் கம்பியைச் சோவியத் பொறியாளர்கள் கேட்டு வாங்கிச் சேர்த்தார்கள். கெட்டரிங் ஒழித்ததாக நாம் சொன்ன அதே கம்பி. யாகுட்ஸ்கில் இன்றும் காருக்கு மெத்தை போன்ற போர்வை போர்த்துகிறார்கள். வெளியில் நிறுத்தினால் என்ஜினை அணைப்பதில்லை.

1950-களில் வந்த மல்டிகிரேடு ஆயிலும் 12 வோல்ட் மின்சாரமும் பாதிப் பிரச்சினையைத் தீர்த்தன. கார்புரேட்டரை ஒழித்த ஃபூயல் இஞ்செக்‌ஷன் இன்னொரு பெரும்பகுதியைத் தீர்த்தது. டீசல் வண்டிகளுக்கும் மைனஸ் 30-க்குக் கீழே போகும் ஊர்களுக்கும் ஹீட்டர் இன்னும் வேண்டும். மற்றவர்கள் அதை மறந்தாயிற்று.

பழைய கார் சேர்ப்பவர்களால் மறக்க முடியாது. 1951 ஃபோர்டு ஒன்றை வாங்கிக் கழுவும்போது கிரில்லுக்குப் பின்னால் முடிச்சிட்டு வைத்த வயர் அகப்படும். அதை உடனே பாயிண்ட்டில் செருகிப் பார்க்கத் தோன்றும், செய்யக்கூடாது. பழைய ரப்பர் உறை வெடித்துப் பொடிந்திருக்கும். அந்தக் காலத்து இரண்டு முள் பிளக்கில் எர்த் கிடையாது. உள்ளே எங்காவது கசிந்தால் கார் முழுவதும் மின்சாரம் பாயும். நான்கு டயரும் ரப்பர் என்பதால் அது தரைக்கும் இறங்காது, கதவைத் தொடும் கைக்காகக் காத்திருக்கும். வயரை மாற்றி, எர்த் கொடுத்து, சூடேற்றியைத் தனியாகச் சோதித்த பிறகே உயிர் கொடுக்க வேண்டும். ஹெட்போல்ட் வகை என்றால் என் யோசனை வேறு: எழுபது வயதான குடைந்த போல்ட்டை நம்பி ஹெட்டை இறுக்காதீர்கள். ஸ்டட்டைப் புதிதாகப் போட்டுவிட்டு, ஃப்ரீமனின் போல்ட்டை அலமாரியில் வையுங்கள். காரோடு வந்த வரலாற்றை, ஷோரூமில் நின்றதைப் போலாக்குகிறேன் என்று குப்பையில் போடுகிறவர்கள் உண்டு. அவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

அந்த வயர் காரின் ஊரையும் சொல்லிவிடும். மிச்சிகன், ஒண்டாரியோ போன்ற இடங்களில் சாலைப் பனியை உருக்க உப்பைக் கொட்டுவார்கள்; அங்கே ஓடிய கார்களின் அடித்தகடு பத்தாண்டில் சல்லடையாகிவிடும். வடக்குச் சமவெளியின் குளிரில் உப்பு வேலை செய்யாது. மைனஸ் 20-க்குக் கீழே அது பனியை உருக்குவதில்லை என்பதால் மணலைத்தான் அதிகம் தூவுவார்கள். ஆகவே ஹீட்டர் வயர் தொங்கும் கார் என்றால், அடித்தகடு பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம் என்று வியாபாரிகள் விலையை ஏற்றிச் சொல்வார்கள். வாங்குகிறவர் பிளக்கின் முள்ளைக் கவனிக்கட்டும். பளபளப்பாகத் தேய்ந்திருந்தால் உடையவன் தினமும் செருகியவன். சிலிண்டர் நன்றாக இருக்கும். துருவேறிக் கிடந்தால் வயர் வெறும் அலங்காரம், கார் ஒவ்வொரு ஜனவரியிலும் உறைந்த என்ஜினோடு கிளம்பியிருக்கிறது. அப்போது ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து பார்த்த பிறகு விலையைப் பேசலாம்.

(தொடரும்)